நாற்பதுக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்

அந்தப் பையனுக்குக் கட்டில் போதவில்லை. ஒலியலையால் இதயத்தைப் படம் எடுக்கிற எங்கள் எக்கோ அறையில் கட்டில் ஆறடி நீளம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதும் அவன் பாதங்கள் இரண்டும் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கின. முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு, "இப்ப சரியாக்கா?" என்று கேட்டான். வயது 19. சீட்டில் உயரம் 193 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. வாலிபால் ஆடுகிற பையன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருந்து, உடல்தகுதிச் சான்று வாங்கப் போயிருக்கிறான். அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்த டாக்டர், எதற்கும் ஒரு எக்கோ எடுத்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்.

நான் திருச்சியில் எக்கோ டெக்னீஷியனாக இருக்கிறேன். 17 வருஷமாக இதே வேலைதான். காலேஜில் நானும் வாலிபால் ஆடியவள், அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர். அதனால் ஆட்டக்காரப் பிள்ளைகள் யாராவது வந்தால் ஜெல்லைத் தடவும்போதே பேச்சுக் கொடுத்துவிடுவேன். எந்த ஊர் டீம், என்ன பொசிஷன், பொங்கலுக்கு எங்கே மேட்ச் என்று. இவன் அட்டாக்கர். கிராமத்து டோர்னமெண்டுகளில் டியூப்லைட் வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க ஆடியே வளர்ந்தவன். பேசிக்கொண்டே, படம் எடுக்கிற கைக்கருவியான ப்ரோபை மார்பெலும்புக்கு இடது ஓரத்தில், விலாக்களுக்கு நடுவில் வைத்தேன்.

ஸ்கிரீனில் இதயம் நீளவாக்கில் விரிந்தது. இடது கீழறை, அதிலிருந்து ரத்தம் வெளியேறுகிற வால்வு, வால்வைத் தாண்டியதும் பெருந்தமனி. டாக்டர்கள், நர்சுகள், நாங்கள் எல்லோரும் அயோர்ட்டா என்றுதான் சொல்லுவோம். வால்வுக்கு மேலே அது ஒரு பல்பு மாதிரி கொஞ்சம் புடைத்து, உடனே ஒரு இடத்தில் ஒடுங்கி, அப்புறம் நேராகக் குழாயாக மேலே ஏறும். அந்தப் புடைப்பைத்தான் அயோர்ட்டாவின் வேர் என்கிறோம். இவனுக்குப் புடைப்பு இருந்தது, ஒடுங்க வேண்டிய இடத்தில் ஒடுக்கம் மட்டும் சரியாகத் தெரியவில்லை. கழுத்து இல்லாத வெங்காயம் மாதிரி இருந்தது. படத்தை நிறுத்தினேன். இதயம் சுருங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஃப்ரேமைத் தேடி எடுத்து, ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் கோடு இழுத்தேன். 41 மில்லிமீட்டர். இன்னொரு துடிப்பில் அளந்தேன். 41. மூன்றாவது முறை 40.8.

வளர்ந்த ஆண்களுக்கு அந்த இடத்தில் நான் வழக்கமாகப் பார்ப்பது 30-லிருந்து 37 வரைக்கும். 41 என்பது பார்த்தவுடன் பதறுகிற எண்ணும் கிடையாது, பேசாமல் கடந்து போகிற எண்ணும் கிடையாது. என் கை ஜெல்லில் அப்படியே நின்றுவிட்டது. அவன், "என்னக்கா?" என்றான். "ஒண்ணுமில்லப்பா, படம் தெளிவா வரட்டும்" என்றேன். நாங்கள் அளப்போம், சொல்ல மாட்டோம். சொல்வது டாக்டரின் வேலை. அந்த நிமிஷத்தில் என் மனதில் வந்து நின்றது ஒரு அமெரிக்கப் பெண்ணின் பெயர்.

ஃப்ளோ ஹைமன். வாலிபால் ஆடிய எனக்கு அவள் பெயர் ஆட்டத்தின் வழியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் அதை முதலில் கேட்டது டெக்னீஷியன் படிப்பில், அயோர்ட்டாவைப் பற்றிய வகுப்பில்தான். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அத்தனை பெரிய ஆட்டக்காரி எனக்கு அறிமுகமானது அவளுடைய சாவின் வழியாக. அதனால் அவளுடைய ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

1954-இல் பிறந்தாள், கலிஃபோர்னியாவில் இங்கிள்வுட் என்கிற ஊரில் வளர்ந்தாள். 12 வயதிலேயே ஆறடி. வளர்ந்து முடித்தபோது ஆறடி ஐந்து அங்குலம், அதாவது 196 சென்டிமீட்டர். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தை ஒரு சிறுமி எப்படிச் சுமப்பாள் என்று உயரமான பெண்பிள்ளைகளை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வாலிபால் அவளுக்கு அந்த உயரத்தோடு நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கொடுத்தது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடினாள். 1970-களின் நடுவில் தேசிய அணிக்கு வந்தாள். அப்போது அமெரிக்கப் பெண்கள் வாலிபால் அணியை உலகத்தில் யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அதை உலகத்தின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்த அணியின் நடுநாயகம் அவள். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள், நாடே புறக்கணித்ததால் போக முடியவில்லை. இன்னும் நாலு வருஷம் பொறுத்திருந்து 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் சீனாவிடம் தோற்று வெள்ளி. அதற்கப்புறம் அவள் ஜப்பானுக்குப் போய் டையேய் என்ற கம்பெனியின் அணிக்கு ஆடினாள்.

1986 ஜனவரி 24. ஜப்பானில் மட்சுயே நகரம். ஹிட்டாச்சி அணியோடு லீக் ஆட்டம், மூன்றாவது செட். வழக்கமான மாற்று ஆட்டக்காரி உள்ளே போக, ஃப்ளோ வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சக ஆட்டக்காரிகளை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தவள் சத்தமில்லாமல் தரையில் சரிந்தாள். அன்றைக்கு ராத்திரியே இறந்துபோனாள். வயது 31.

மாரடைப்பு என்றார்கள். வீட்டாருக்கு மனசு ஒப்பவில்லை. உடலைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுவந்து ஜனவரி 30 அன்று பிரேதப் பரிசோதனை செய்தார்கள். இதயம் நன்றாகத்தான் இருந்தது. கிழிந்திருந்தது அயோர்ட்டா. இதயத்துக்கு மேலே ஒரு அங்குலம்கூட இல்லாத தூரத்தில், ஒரு சின்ன நாணயம் அளவுக்குச் சுவர் பலவீனமாகி அங்கே பிய்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கிழிசலைச் சுற்றி ஏறக்குறைய மூன்று வாரம் பழசான ரத்தக்கட்டும் இருந்தது. அதாவது அந்த இடம் ஏற்கெனவே ஒருமுறை கிழிந்து, தானாக ஆறத் தொடங்கியிருக்கிறது. அந்த மூன்று வாரமும் அவள் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள். இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு வலி வந்திருக்கும். முதுகிலோ நெஞ்சிலோ. ஆட்டக்காரர்களுக்கு வலி என்பது தினப்படி சமாச்சாரம். தசைப்பிடிப்பு என்று நினைத்து ஐஸ் வைத்திருப்பாள்.

அவளுக்கு இருந்தது மார்ஃபன் நோய்க்குறி. 1896-இல் பாரிஸில் அந்தோனின் மார்ஃபன் என்ற குழந்தை மருத்துவர், விரல்களும் கைகால்களும் வழக்கத்துக்கு மீறி நீண்ட ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நின்றுவிட்டது. ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஃபைப்ரில்லின் என்கிற புரதத்துக்கான மரபணுவில் கோளாறு என்று 1991-இல் கண்டுபிடித்தார்கள். உடம்பின் இணைப்புத் திசுவுக்கு அது ஒரு சாரக்கம்பி மாதிரி. அது சரியில்லையென்றால் எலும்பு நீண்டு வளரும், கண்ணின் லென்ஸ் இடம் நகரும், முதுகெலும்பு வளையும், மார்பெலும்பு உள்வாங்கும் அல்லது துருத்தும், அயோர்ட்டாவின் வேர் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகும். பாதி நோயாளிகளுக்கு மேல் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருவது. அதனால்தான் ஃப்ளோ இறந்த பிறகு அவளுடைய சகோதரரையும் பரிசோதித்தார்கள். அவருக்கும் அயோர்ட்டா விரிந்திருந்தது. உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள்.

அவள் வாலிபாலுக்குத் தேர்வானதற்குக் காரணம் உயரம். அந்த உயரமே நோயின் அடையாளமாகவும் இருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் எத்தனையோ பயிற்சியாளர்களும் டாக்டர்களும் அவள் கை எவ்வளவு நீளம் என்று பார்த்து வியந்திருக்கிறார்கள். எதனால் இவ்வளவு நீளம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எக்கோ கருவி அப்போதே புழக்கத்தில் இருந்தது.

சரி, இந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். 41 என்று பார்த்ததும் எங்கள் துறையில் சட்டென்று வாயில் வருகிற பதில் ஒன்று உண்டு. "ஸ்போர்ட்ஸ்மேன்தானே, ஹார்ட் கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும்." இதயத்தின் அறைகளைப் பொறுத்தவரை அது உண்மைதான். வருஷக்கணக்கில் ஓடுகிறவர்களுக்கும் படகு வலிக்கிறவர்களுக்கும் கீழறை விரியும், சுவர் தடிக்கும், அது நோய் கிடையாது. அதே சலுகையை அயோர்ட்டாவுக்கும் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

அயோர்ட்டா வெறும் குழாய் இல்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அது பலூன் மாதிரி கொஞ்சம் விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கிற நேரத்தில் தன் பழைய அளவுக்குச் சுருங்கி அந்த ரத்தத்தை முன்னால் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை. இந்த இழுவைத் தன்மையைக் கொடுக்கிற எலாஸ்டின் நார்கள் பெரும்பாலும் நாம் கருவில் இருக்கும்போதும் குழந்தையாக இருக்கும்போதும் உருவானவை. பிறகு புதிதாக உருவாவது மிகவும் குறைவு. தசையைப் போலப் பயிற்சியால் பலப்படுகிற பொருள் அது இல்லை.

உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்றால், தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர் முழு வேகத்தில் ஓடும்போது முப்பது லிட்டரையும் தாண்டும். அத்தனையும் அயோர்ட்டா வழியாகத்தான் போயாக வேண்டும். எடை தூக்குகிறவர்களுக்குச் சுமை வேறு மாதிரி. அங்கே பிரச்சினை ரத்தத்தின் அளவு இல்லை, அழுத்தம். 1985-இல் கனடாவில் ஒரு ஆய்வு. அனுபவமுள்ள பாடிபில்டர்களின் கைத்தமனிக்குள்ளேயே குழாய் செருகி, அவர்கள் மூச்சைப் பிடித்து இரண்டு காலாலும் பெரும் எடையைத் தள்ளும்போது பிரஷரை அளந்தார்கள். சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. 140/90 வந்தாலே மாத்திரை எழுதுகிற உலகத்தில் இந்த எண்களைப் படித்தபோது, தப்பாக அச்சடித்துவிட்டார்களோ என்று திரும்பப் படித்தேன். சில நொடிகள்தான். நல்ல அயோர்ட்டா அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே விரிந்த அயோர்ட்டாவுக்கு அந்தச் சில நொடிகள் போதும். குழாய் எவ்வளவு அகலமோ, அதே பிரஷருக்கு அதன் சுவரில் விழும் இழுவிசையும் அவ்வளவு அதிகம். ஊதின பலூனின் புடைத்த இடம் எப்படி மெலிந்து தெரிகிறதோ அப்படி.

இவ்வளவு சுமையை வருஷக்கணக்காக வாங்கியும் விளையாட்டு வீரர்களின் அயோர்ட்டா எவ்வளவு பெரிதாகிறது? 5,500-க்கும் மேற்பட்ட உயர்மட்ட வீரர்களின் அளவுகளை ஒன்று சேர்த்து 2013-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. விளையாடாதவர்களைவிட வீரர்களுக்கு அயோர்ட்டா வேர் சராசரியாக 3.2 மில்லிமீட்டர்தான் அதிகம். அவ்வளவுதான். இத்தாலியில் 2,300-க்கும் மேற்பட்ட வீரர், வீராங்கனைகளை அளந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. நூறு ஆண் வீரர்களில் 99 பேருக்கு 40 மில்லிமீட்டருக்குள். நூறு வீராங்கனைகளில் 99 பேருக்கு 34-க்குள். 40-ஐத் தாண்டிய அந்தச் சில ஆண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு ரொம்பவும் மாறவில்லை. ஆனால் இரண்டு பேருக்கு, 15, 17 வருஷம் கழித்து, 50-க்குப் போய்விட்டது. அவர்களுக்கு மார்ஃபனோ வேறு நோயோ எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

உயரம் அதிகமென்றால் அயோர்ட்டாவும் அதற்கேற்ப அகலமாகாதா என்று அடுத்துக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர்களைவிடப் பொருத்தமான கூட்டம் கிடைக்காது. 526 பேர், சராசரி உயரம் 200 சென்டிமீட்டர். அவர்களில் 40 மில்லிமீட்டரைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 4.6 பேர்தான். ஆகப் பெரிய அளவு 42. உயரம் கூடக்கூட அயோர்ட்டாவும் கொஞ்ச தூரம் கூடிக்கொண்டு போகிறது, ஒரு கட்டத்துக்குப் பிறகு உயரம் கூடினாலும் அது நின்றுவிடுகிறது. ஏழடி ஆளுக்கும் இயற்கை 50 மில்லிமீட்டர் குழாய் வைக்கவில்லை.

இங்கே என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு சுவருக்கும் நடுவே கோடு இழுப்பதில் இரண்டு முறை இருக்கிறது. முன்சுவரின் வெளி விளிம்பில் தொடங்கி பின்சுவரின் உள் விளிம்பு வரைக்கும் இழுப்பது ஒன்று. இரண்டு பக்கமும் உள் விளிம்புக்கு உள் விளிம்பு இழுப்பது இன்னொன்று. ஒரே மனிதனுக்கு, ஒரே படத்தில், இரண்டு முறைக்கும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஒரு வீரன் வாழ்நாள் முழுக்க உழைத்து அயோர்ட்டாவில் சேர்க்கிற அகலம் மூன்று மில்லிமீட்டர். நான் கோட்டை இழுக்கிற இடம் மாறினால் இரண்டு மில்லிமீட்டர் போய்விடும், அல்லது வந்துவிடும். ப்ரோப் கொஞ்சம் சாய்ந்து, குழாயைக் குறுக்காக வெட்டாமல் சரிவாக வெட்டினால் இன்னும் மோசம். போன வருஷம் ஒரு இடத்தில் 38, இந்த வருஷம் வேறு இடத்தில் 41 என்று ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால், முதலில் பழைய படத்தைக் கொண்டுவா என்பேன். எண்ணை வைத்துக்கொண்டு ஒப்பிடாதே, படத்தை வைத்து ஒப்பிடு. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். நீ நகர்த்துகிற ஒரு மில்லிமீட்டரில் ஒரு பையனின் வேலை போகலாம், உயிரும் போகலாம்.

அதனால் 41 வந்தால் நான் செய்வது, எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பது. வால்வுக்கு மூன்று இதழ் இருக்கிறதா, இரண்டுதானா என்று குறுக்குவெட்டில் பார்த்தேன். நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ பிறவியிலேயே இரண்டு இதழ்தான் இருக்கும், அவர்களுக்கும் அயோர்ட்டா விரியக்கூடும். இவனுக்கு மூன்று இதழும் ஒழுங்காக இருந்தன. ஆனால் வால்வில் லேசான கசிவு. டாக்டர் கேட்ட சத்தம் இதுதான். அப்புறம் ஜெல்லைத் துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்துவிட்டு, "கட்டைவிரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி, மேல நாலு விரலையும் மூடுப்பா" என்றேன். மூடினான். சுண்டுவிரல் பக்கத்தைத் தாண்டிக் கட்டைவிரல் நகம் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். கட்டைவிரல் சுண்டுவிரலின் நகத்தையே மூடியது. "பசங்க எல்லாம் இதப் பாத்து சிரிப்பாங்கக்கா" என்றான்.

இரண்டையும் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து வந்தார். நாடாவை எடுத்து, கைகளை விரித்து நிற்கச் சொல்லி, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அளந்தார். உயரத்தைவிட 11 சென்டிமீட்டர் அதிகம். உயரத்தைப் போல 1.05 மடங்கைத் தாண்டினால் யோசிக்க வேண்டும் என்பது கணக்கு, இவன் தாண்டியிருந்தான். வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்.

"வீட்டுக்காரர் எவ்வளவு உயரம்?"

"இவன் மாதிரியேதாங்க. நிலையில தலை இடிக்கும்."

"இப்ப எங்க இருக்கார்?"

அவர் இறந்து பத்து வருஷமாகிவிட்டது. லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், முதுகில் யாரோ கத்தியால் குத்தின மாதிரி இருக்கிறதென்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வயது 38. "மாரடைப்புன்னு சொன்னாங்க சார்" என்றார் அந்த அம்மா. பிரேதப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கத்திக்குத்து என்கிற வார்த்தையைக் கேட்டதும் டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அயோர்ட்டா கிழிந்தவர்கள் பிழைத்து வந்து சொல்கிற வார்த்தை அது. நெஞ்சில் தொடங்கி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கிழிக்கிற மாதிரி. அது தெரியாமல் மாரடைப்பென்று ரத்தத்தை நீர்க்க வைக்கிற மருந்து கொடுத்தால் இன்னும் ஆபத்து. அயோர்ட்டாவின் மேலெழும் பகுதி கிழிந்துவிட்டால், சிகிச்சை இல்லாமல் கழிகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஒருவர், இருவர் என்று போய்க்கொண்டே இருப்பார்கள்.

பையனுக்கு எதுவும் புரியவில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், சர்ட்டிபிகேட் கெடைக்குமா?"

அவனுக்கு டாக்டர் பொறுமையாகச் சொன்னார், கிட்டத்தட்ட அரைமணி நேரம். 41-க்கு ஆபரேஷன் தேவையில்லை. மார்ஃபன் என்று உறுதியானால் வழக்கமாக 50-ஐத் தொடும்போது செய்வார்கள், குடும்பத்தில் யாருக்காவது கிழிந்திருந்தால் 45-இலேயே யோசிப்பார்கள். இதயத்துடிப்பின் வேகத்தையும் பிரஷரையும் குறைக்கிற மாத்திரை தினமும். எம்.ஆர்.ஐ., கண் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை. ஆறு மாதம் கழித்து மறுபடி எக்கோ. எடை தூக்குவது கூடாது. போட்டி ஆட்டம் இப்போதைக்கு நிறுத்த வேண்டும். கடைசி வாக்கியத்தில் அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.

அன்றைக்கு சாயந்திரம் அவனுக்குச் சொல்லலாமென்று நான் சில பேரை நினைத்து வைத்திருந்தேன். ரோனி டூரியாஃப் என்று ஒரு பிரெஞ்சு கூடைப்பந்து வீரர். 2005-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது, மருத்துவப் பரிசோதனையில் அயோர்ட்டா வேர் விரிந்திருப்பது தெரிந்தது. ஒப்பந்தம் ரத்தானது, ஆனால் ஆபரேஷன் செலவை அணி ஏற்றுக்கொண்டது. ஜூலையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அடுத்த வருஷத் தொடக்கத்தில் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார், 2012-இல் மயாமி அணியோடு கோப்பையும் வென்றார். ஜெஃப் கிரீன் கதையும் அப்படியே. பாஸ்டன் அணியில் இருந்தபோது 2011 டிசம்பரில் வழக்கமான பரிசோதனையில் அயோர்ட்டா வீக்கம் தெரிந்தது, 2012 ஜனவரியில் ஆபரேஷன். ஒரு சீசன் முழுக்கப் போனது. திரும்பி வந்து வருஷக்கணக்கில் ஆடி, 2023-இல் டென்வர் அணியோடு சாம்பியனானார். பாஸ்டன் அணியில் கிரீனோடு இருந்த கிறிஸ் வில்காக்ஸுக்கும் அதே 2012-இல் அதே கோளாறு தெரிந்து அதே ஆபரேஷன் நடந்தது.

ஆனால் இந்தப் பையனுக்கு நெருக்கமானவர் ஐசேயா ஆஸ்டின்தான். ஏழடி ஓர் அங்குலம். பேலர் பல்கலைக்கழகத்தின் சென்டர். ஒரு கண்ணில் பார்வை இல்லாமலே ஆடியவர். 2014 ஜூனில், என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சிக்குச் சில நாட்கள் இருக்கும்போது மார்ஃபன் என்று முடிவு வந்தது. வயது 20. தேர்வு நாளன்று மேடையில், 15-ஆவது பெயருக்கும் 16-ஆவது பெயருக்கும் நடுவில் கமிஷனர் ஆடம் சில்வர் நிறுத்தி, என்.பி.ஏ.-வே ஐசேயா ஆஸ்டினைத் தேர்வு செய்கிறது என்று அறிவித்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்த அந்தப் பிள்ளையின் படம் என்னிடம் இருக்கிறது. ஆடப் போவதில்லை என்று தெரிந்தும் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, அயோர்ட்டா நிலையாக இருக்கிறதென்று டாக்டர்கள் ஆட அனுமதித்தார்கள். வெளிநாட்டு லீக்குகளில் ஆடினார். இதில் எல்லா டாக்டர்களுக்கும் ஒரே கருத்து இருக்கவில்லை. இப்போதெல்லாம், ஆபத்து எவ்வளவு என்று முழுக்கச் சொல்லிவிட்டு, வீரரும் குடும்பமும் டாக்டரும் சேர்ந்து முடிவெடுப்பது என்கிற போக்கு வந்துகொண்டிருக்கிறது. என் அபிப்பிராயம், அளவு 40, 41-இல் பல வருஷம் அசையாமல் நிற்கிற, குடும்பத்தில் யாரும் திடீரென்று சாகாத, வேறு அறிகுறி எதுவும் இல்லாத ஆளுக்கு அது சரி. இந்தப் பையனின் அப்பா 38 வயதில் மூட்டை தூக்கும்போது போனவர். இவன் விஷயத்தில் டாக்டர் சொன்னதுதான் எனக்கும் சரியென்று பட்டது.

இளம் வயதோடு முடிகிற விஷயமும் இல்லை இது. அமெரிக்காவில் 50-லிருந்து 75 வயது வரைக்கும் விடாமல் ஓடுகிற, படகு வலிக்கிற 442 பேரை அளந்து 2020-இல் ஒரு ஆய்வு வந்தது. ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அயோர்ட்டா 40-ஐத் தொட்டிருந்தது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆடி ஓய்வு பெற்ற வீரர்களிலும் மற்ற ஆண்களைவிட அதிகம் பேருக்கு அப்படி இருந்தது. அது அவர்களுக்குக் கெடுதலா, இல்லையா என்பதற்கு இன்னும் பல வருஷம் தொடர்ந்து பார்த்தால்தான் பதில் வரும்.

எனக்கு ஆதங்கம் வேறு இடத்தில். நம் ஊரில் உயரமான பிள்ளையைப் பார்த்தால் பி.இ.டி. மாஸ்டர் கண் அவன் மேல்தான் விழும். விழட்டும். கையில் ஒரு நாடா இருந்தால் கையின் விரிவை அளந்து பார்த்துவிடட்டும். கட்டைவிரலை மடக்கச் சொல்லட்டும். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போனார்களா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். இதற்கெல்லாம் பைசா செலவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு 36, 37 என்று வந்தாலே அது 40-க்குச் சமம், ஆனால் நாற்பதுக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு மாதம் கழித்து அவன் மறுபடி வந்தான். மரபணு முடிவு வந்திருந்தது, மார்ஃபன்தான். வேலை போய்விட்டது. முகத்தில் கோபம் கொஞ்சம் வற்றியிருந்தது. ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு லிஃப்ட் பண்ணச் சொல்லிக்கொடுக்கிறானாம். "குதிக்காமத்தானக்கா சொல்லித்தர்றேன்" என்றான். அவனுக்குப் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பு. அம்மாவைவிட ஒரு தலை உயரம், தோளைக் கொஞ்சம் கூனிக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சிக்கா. ஸ்கூல் டீம்ல அட்டாக்கர்."

கட்டிலில் அவள் கால் வெளியே தொங்கவில்லை, இன்னும் நாலு விரல்கடை மிச்சமிருந்தது. இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னேன். ஜெல் சில்லென்று இருந்ததும் சிலிர்த்தாள். அண்ணன் சுவரோரம் நின்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான், ஸ்கோர் போர்டைப் பார்க்கிற மாதிரி. படத்தை நிறுத்தினேன். சுருங்குவதற்குச் சற்று முந்தைய ஃப்ரேம். முன்சுவரின் வெளி விளிம்பில் புள்ளி வைத்தேன்.

"மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்தும்மா" என்றேன்.